பத்தாம் வகுப்பு முடித்த மகனை ஆர்.சி. பள்ளியிலிருந்து மாற்றலாமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

இதே குழப்பத்தில் வேறு பெற்றோரும் இருப்பார்கள் என்பதால் உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். மகன் மதுரையில், அரசு உதவிபெறும் கத்தோலிக்க (ஆர்.சி.) பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படிக்கிறான். தங்குவது பள்ளி போர்டிங்கில். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். உங்கள் தம்பி, அதாவது பையனின் தாய்மாமா, "நாமக்கல் பக்கம் தனியார் இங்கிலீஷ் மீடியம் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடலாம், ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு வருஷம் வெளியே தலைகாட்டாமல் படித்தால் டாக்டர் சீட் உறுதி" என்கிறார். இங்கேயோ ஜெபம், தியானம், முதியோர் இல்லம், ஆண்டு விழா என்று பாதி நேரம் போகிறது. "ஒழுக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஒழுக்கம் வேலை வாங்கித் தருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீட் வாங்கித் தராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் மார்க்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்குக்கு கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குப் போடும் கட்-ஆஃப்தான். நன்னெறி வகுப்பில் பரிசு வாங்கினான், நாடகத்தில் நடித்தான் என்பதற்கு அங்கே இடமில்லை. விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ஆனால் அதற்கு மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். பள்ளி டீமில் ஃபுட்பால் ஆடியது போதாது. அன்னதானத்துக்கு பன் பாக்கெட் கொடுத்து ஃபோட்டோ எடுத்த சான்றிதழ்களைப் பற்றியோ பேசவே வேண்டாம்.

இருந்தாலும், மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கு. 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையனுக்கு, கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1000 ரூபாய் வரும். இப்போது சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். இதைவிடப் பெரியது இன்னொன்று. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, வேலைக்குக் கேட்கும் படிப்பு மட்டுமல்லாமல் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நாளைக்கு உங்கள் பையன் எஸ்.ஐ. தேர்வோ குரூப் தேர்வோ எழுத நினைத்தால், நடுவில் இரண்டு வருஷம் ஆங்கில வழிக்குப் போனது அன்றைக்கு வந்து உறுத்தும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மட்டும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர், அதனால் சொல்லிவைக்கிறேன்.

நீட்டுக்கு வருவோம். 180 கேள்வி, 720 மார்க். அதில் பாதி உயிரியல். பாடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டிலிருந்தும் வரும். தமிழிலும் எழுதலாம். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, முதல் நாளிலிருந்தே பிளஸ் டூ புத்தகத்தை உருப்போட வைத்த பள்ளிகளை நம் மாநிலம் பல வருஷம் பார்த்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அதுவே ஒரு காரணம். 2025-26இலிருந்து அந்தப் பொதுத்தேர்வும் இல்லை. ஆகவே உங்கள் தம்பி சொல்லும் பள்ளியில் பிளஸ் ஒன் பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்று அவரையே விசாரித்து வரச் சொல்லுங்கள். கோச்சிங் வேண்டுமென்றால் மதுரையிலேயே இருக்கிறது. வார இறுதியில் போய்வர போர்டிங்கில் விடுவார்களா என்பதை வார்டன் ஃபாதரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் விடமாட்டார்கள். அப்படியானால் ஆன்லைன் வகுப்புக்காவது அனுமதி வாங்கப் பாருங்கள்.

இப்போது நீங்கள் 'பாதி நேரம்' என்று சொன்னதற்கு வருகிறேன். எனக்கு அதில்தான் அக்கறை.

போர்டிங் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். விடியுமுன் மணி, ஸ்டடி, குளியல், சாப்பாடு, பள்ளி, மைதானம், மறுபடி ஸ்டடி. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஒழுக்கம் என்கிறார்கள். நான் இதற்கு அதிக மார்க் போடமாட்டேன். மணியடித்தால் எழுகிற பையன், மணி அடிக்க ஆளில்லாத கல்லூரி விடுதிக்குப் போன முதல் செமஸ்டரிலேயே பத்து மணி வரை தூங்குவான். அரியரோடு என்னிடம் அழைத்துவரப்படும் பையன்களில் நாமக்கல் பக்கம் படித்தவர்களும் உண்டு, ஆர்.சி. பள்ளிகளில் படித்தவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் போர்டிங்கிலேயே இன்னொரு ரகப் பையன் இருப்பான். விளையாட்டுச் சாமான் அறைச் சாவி அவனிடம் இருக்கும். எத்தனை பந்து போனது, எத்தனை திரும்பியது என்று நோட்டில் எழுதுவான். பிளஸ் டூ அண்ணன் வந்து 'ரெண்டு பந்து கொடுடா' என்று மிரட்டினால், பயந்துகொண்டே 'கையெழுத்துப் போட்டுட்டு எடுங்கண்ணே' என்பான். இன்னொருவன் மெஸ் பொறுப்பு. குழம்பு பத்தவில்லை என்றால் முதல் ஏச்சு அவனுக்குத்தான், கடைசியில் சாப்பிடுவதும் அவன்தான். பொருளுக்குக் கணக்கு வைப்பது, மேலே இருப்பவரிடம் மரியாதையாக மறுப்பது, தவறு நடந்தால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்னால் வருவது... எந்த வேலையிலும் முதல் இரண்டு வருஷத்தில் ஒருவனை மேலே தூக்குவதும் கீழே தள்ளுவதும் இவைதான். ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டரானாலும் சரி, பஞ்சாயத்து கிளார்க்கானாலும் சரி. இதை பிளஸ் டூ வயதில் சம்பளமில்லாமல் கற்றுத்தரும் இடங்கள் குறைவு. போர்டிங் அப்படிப்பட்ட ஓர் இடம். ஆனால் அங்கே இருக்கும் எல்லாப் பையனுக்கும் அது தானாகக் கிடைத்துவிடாது. ஓரமாக நின்று ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

ஆகவே உங்கள் மகன் இதுவரை என்ன பொறுப்பு வைத்திருந்தான் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், இந்த ஜூனில் ஏதாவது ஒரு பொறுப்பு கொடுக்கும்படி வார்டனிடம் நீங்களே கேளுங்கள். ஒன்று போதும். மூன்று நான்கைத் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள், அது படிப்பைக் கெடுக்கும்.

முதியோர் இல்லத்துக்குப் போவதும் இப்படித்தான். பெல்ஜியத்தில் தொழிலாளர் இளைஞர்களிடையே வேலை செய்த கார்டைன் என்ற பாதிரியார், 'பார், ஆராய், செயல்படு' என்று ஒரு முறையை உருவாக்கினார். கத்தோலிக்கப் பள்ளிகளில் நடக்கும் மாணவர் இயக்கக் கூட்டங்களுக்கு அடிப்படை அதுதான். நன்றாக நடத்தும் ஆசிரியர் இருந்தால், போய்வந்த பிறகு பையன்களை உட்காரவைத்து, 'ஏன் இவர்களை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள், நாம் என்ன செய்ய முடியும்' என்று பேசவைப்பார். அங்கிருந்துதான் சிலருக்குப் பிசியோதெரபி, நர்சிங், சட்டம், சமூகப்பணி என்றெல்லாம் படிப்புகள் இருப்பதே மனதில் படும். உங்களுக்குப் பக்கத்திலேயே, கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் ஊரக வளர்ச்சி அறிவியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. டாக்டர் தவிர வேறெதுவும் படிப்பில்லை என்று நினைக்கும் வீடுகளுக்காக இதையும் சொல்கிறேன்.

ஜெபத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளியில், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் பங்கேற்கச் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வழக்கமாக கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்கு உங்கள் மகன் போக வேண்டுமா, அந்த நேரத்தில் ஸ்டடி ஹாலில் இருக்கலாமா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒன்றை மட்டும் விடச் சொல்லாதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த ஒரு பழக்கம், இரவில் படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. எந்தச் சாமியைக் கும்பிடும் பையனும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்த மணி நேரம் வீணானது என்று நாலு வரி எழுதலாம். நீட் படிக்கிறவனுக்கு அது ரொம்ப உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சாதி. ஆர்.சி. பள்ளி என்றால் அதெல்லாம் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியே சாதி வழக்கங்களை அனுசரித்துத்தான் இங்கே வாழ்ந்தார். அன்றைக்கு உள்ளே வந்தது இன்னும் முழுதாக வெளியேறவில்லை. நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனை சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. மகன் கையைப் பாருங்கள். போர்டிங்கில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். அந்த இடத்தில் பள்ளி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அங்கே சொல்லும் நன்னெறிக்கு நான் மதிப்புப் போடுவேன். அங்கே சரியில்லை என்றால் மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதும் மாறும்.

அப்புறம் பிளஸ் ஒன்னில் எடுக்கும் பாடப் பிரிவு, அதாவது குரூப். கணக்கு அவனுக்கு வரும் என்றால் பயோ-மேக்ஸ் எடுக்கட்டும். மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கும். நீட் கைகொடுக்காவிட்டாலும் வேளாண்மை, கால்நடை மருத்துவம் இரண்டுக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி உங்களுக்குத் தெரிந்த இடம்தான்.

உங்கள் தம்பியின் மனம் நோகாமல் பேசுங்கள். பணம் கட்டுகிறேன் என்று முன்வரும் தாய்மாமா எல்லா வீட்டிலும் கிடைக்கமாட்டார். அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் கோச்சிங்குக்கும், மீதியைக் கல்லூரிக்கும் ஒதுக்கிவைக்கச் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் கௌரவமாக இருக்கும்.

பையன் என்ன நினைக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. டி.சி. கேட்டு எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவனை அழைத்து வாருங்கள். முதல் அரைமணி நேரம் நான் அவனோடு தனியாகப் பேசுகிறேன். நீங்களும் மாமாவும் வெளியே உட்கார்ந்திருக்கலாம்.