வேலை எங்கே நிற்கிறது? மென்பொருள் புராஜெக்ட் டாஷ்போர்டு (வேலையின் நிலையைக் காட்டும் திரை) பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டாஷ்போர்டில் 22 சார்ட் இருக்கிறது. தினமும் ஸ்டாண்டப்பில் (டீமின் குறுகிய தினசரிக் கூட்டம்) திரையில் போடுகிறோம், யாரும் பார்ப்பதில்லை. எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?

பதில்: ஒவ்வொரு சார்ட்டுக்கும் இரண்டு விஷயம் எழுதிப் பாருங்கள். அதை யார் பார்க்கிறார்? அந்த எண் நாளைக்கு இரட்டிப்பானால் அவர் என்ன செய்வார்? இரண்டாவதற்கு விடை வராத சார்ட்டை எடுத்துவிடலாம். டீமின் தினசரிப் பக்கத்துக்குப் பெரும்பாலும் நான்கு போதும்: கையில் இருக்கும் டிக்கெட்டுகள், அதாவது தனித்தனியாகப் பதிவு செய்த வேலைகள் (எத்தனை நாளாக), ரிவ்யூவுக்கும் டெஸ்டிங்குக்கும் காத்திருப்பவை, தடைபட்டவை (எதனால், எப்போதிலிருந்து), கடைசி பில்டின் (நிரலிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளை உருவாக்குவது) நிலை. ஸ்க்ரோல் செய்யாமல் ஒரே திரையில் அடங்க வேண்டும். ரிலீஸ் தேதி, ஸ்கோப் (செய்ய வேண்டிய மொத்த வேலை) மாற்றம் போன்றவை மேனேஜரும் கிளையண்டும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை. அவற்றைத் தனிப் பக்கமாக வையுங்கள்.

கேள்வி: டீம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் பர்ன்டவுன் கோடு இறங்கவே மாட்டேன் என்கிறது. மேலிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: பர்ன்டவுன் மீதி வேலையை மட்டும் காட்டும். முடித்த வேலையும் புதிதாக வந்து சேர்ந்த வேலையும் அதே ஒரு கோட்டுக்குள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 60 டிக்கெட்டில் தொடங்கி, வாரம் 10 முடிகிறது, வாரம் 8 புதிதாகச் சேர்கிறது என்று வையுங்கள். மூன்று வாரத்தில் 30 முடித்திருப்பீர்கள், ஆனால் மீதி 54. பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் 6 டிக்கெட் குறைந்ததுதான் தெரியும்.

இதற்குப் பர்ன்அப் சார்ட் போடுங்கள். ஒரு கோடு முடித்தது (30), இன்னொரு கோடு மொத்த ஸ்கோப் (84). இதே வேகத்தில் போனால் முடிய இன்னும் 27 வாரம், இன்றே ஸ்கோப்பை நிறுத்தினால் ஐந்தரை வாரம் என்பதை அதே படத்தை வைத்துச் சொல்லலாம். மேலிடத்தில் பேச வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, தேதி, டிக்கெட் எண், நிலை, எந்த ரிலீஸ் என்ற நான்கையும் ஒரு டேபிளில் சேமிக்கட்டும். டிக்கெட்டுகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில் மாற்ற வரலாறு உண்டு என்றாலும், மூன்று மாதம் கழித்து அதிலிருந்து பழைய ஸ்கோப்பைத் தோண்டி எடுப்பது பெரும் பாடு.

கேள்வி: டெவலப்பர்கள் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று போட்டால் அப்படியே பல நாள் நிற்கிறது...

பதில்: சதவீதப் புலத்தையே எடுத்துவிடுங்கள். டிக்கெட் முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான். டெஸ்டிங் தாண்டி மெயின் கிளையில் (எல்லோருடைய நிரலும் ஒன்றுசேரும் முதன்மைப் பிரதி) சேர்ந்தால்தான் முடிந்தது. ஒரு டிக்கெட் இரண்டு மூன்று நாள் வேலையைத் தாண்டாதபடி உடைத்தால் சதவீதம் தேவைப்படாது.

கேள்வி: ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக 6 நாள் ஆகிறது. இதை வைத்து கிளையண்ட்டுக்குத் தேதி கொடுக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். பத்து டிக்கெட் 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 6, 28 நாட்களில் முடிந்தால் சராசரி 6 வரும். ஆனால் பத்தில் எட்டு 5 நாளுக்குள் முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் 28 நாள் இழுத்துச் சராசரியைத் தூக்கிவிட்டது. டாஷ்போர்டில் ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒரு புள்ளியாகப் போட்டு, 85 சதவீதப் புள்ளிகள் எதற்குக் கீழே அடங்குகின்றனவோ அங்கே ஒரு கோடு இழுங்கள். கையில் இருக்கும் டிக்கெட் அந்தக் கோட்டை நெருங்கும்போதே தெரிந்தால், 28 நாள் ஆவதற்குள் யாராவது கைகொடுக்கலாம்.

ரிலீஸ் தேதிக்கு மான்டே கார்லோ முறை நல்லது. கடந்த 10, 12 வாரங்களில் வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முடிந்தது என்ற பட்டியலை எடுங்கள். அதிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு வாரத்தை எடுத்து மீதி எண்ணிக்கையில் கழித்துக்கொண்டே போனால், எத்தனை வாரத்தில் பூஜ்யம் வருகிறது என்று கிடைக்கும். இதை 10,000 முறை ஓட்டி, 85 சதவீத ஓட்டங்கள் எந்தத் தேதிக்குள் முடிகின்றனவோ அதைச் சொல்லுங்கள். விடுமுறையால் ஒன்றுமே முடியாத வாரத்தைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், இனியும் விடுமுறைகள் வரும். டீமின் அளவு மாறியிருந்தால் மட்டும் பழைய வாரங்களை விடலாம்.

கேள்வி: கியூமுலேட்டிவ் ஃப்ளோ படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டிக்கெட் இருக்கிறது என்பதை நாள்வாரியாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகளாக இந்தப் படம் காட்டும். பட்டைகளின் அகலத்தைப் பாருங்கள். டெஸ்டிங் பட்டை வாரம் வாரம் தடிக்கிறது என்றால், அங்கே வருவது போவதைவிட அதிகம். அப்போது புதிய டிக்கெட் தொடங்குவதை நிறுத்தி டெவலப்பர்களை டெஸ்டிங்குக்கு உதவச் சொல்ல வேண்டும். ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இங்கே நேரடியாகப் பயன்படும்: கையில் 18 டிக்கெட், வாரம் 6 முடிகிறது என்றால் ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக 3 வாரம். கையிருப்பைக் குறைக்காமல் வேகம் மட்டும் கேட்பது வீண்.

கேள்வி: வேலையின் நிலையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை போதாதா?

பதில்: சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களிடையே கணிசமாக உண்டு. நிறத்தோடு ‘3 நாள் தாமதம்’ என்று எழுத்திலும் போடுங்கள். எது எப்போது மஞ்சளாகும் என்று எண்ணில் வரையறுங்கள்; இல்லாவிட்டால் ரிலீஸுக்கு முந்தைய வாரம் வரை எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு டெவலப்பரும் எத்தனை ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவை டீம் மதிப்பிட்டுக் கொடுக்கும் எண்) முடித்தார் என்று காட்டச் சொல்கிறார் மேனேஜர்.

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். இரண்டு ஸ்பிரிண்ட்டில் (குறுகிய வேலைச் சுற்று) மதிப்பீடுகள் வீங்கும். 3 பாயின்ட் வேலை 5 ஆகும். அடுத்தவர் எழுதிய நிரலை ரிவ்யூ செய்தால் பாயின்ட் கிடைக்காது என்பதால் ரிவ்யூ தேங்கும். யாருக்கு வேலை அதிகம் என்று அறிவதுதான் மேனேஜரின் நோக்கம் என்றால், ஒருவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை டிக்கெட் என்பதைக் காட்டினால் போதும்.

கேள்வி: டாஷ்போர்டு எண்ணும் ஜிரா எண்ணும் ஒத்துப்போவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: ஒரே ஒரு வாரத்தை எடுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் முடிந்த டிக்கெட் எண்களை இறக்கி ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் காரணம் பிடிபடாது. வழக்கமான காரணங்கள் இவை: ஏபிஐ (டாஷ்போர்டு ஜிராவிலிருந்து தரவு எடுக்கும் வழி) பதில் பக்கம் பக்கமாக வரும்போது முதல் பக்கத்தை மட்டும் எடுத்திருப்பது, ஏபிஐ கணக்குக்குச் சில புராஜெக்ட்களைப் பார்க்க அனுமதி இல்லாதது, சப்டாஸ்க்கை (டிக்கெட்டுக்குள் இருக்கும் துணை வேலை) ஒரு பக்கம் எண்ணி மறுபக்கம் விடுவது, மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டை இரண்டு முறை எண்ணுவது, ஒரு பக்கம் யுடிசி (உலகப் பொது நேரம்), மறுபக்கம் உள்ளூர் நேரம் என்பதால் நள்ளிரவை ஒட்டி முடிந்தவை வேறு தேதியில் விழுவது. ஜிராவில் இன்னொன்று: நிலை ‘முடிந்தது’ என்று மாறினாலும் ரெசல்யூஷன் புலம் (டிக்கெட் எப்படி முடிந்தது என்று குறிக்கும் இடம்) காலியாக இருந்தால் சில ரிப்போர்ட்கள் அதை முடியாததாகவே கணக்கிடும்.

கூடவே, தரவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தைப் பக்கத்தின் மேலேயே காட்டுங்கள். புதுப்பிப்பு தோற்றால் பழைய எண்கள் சாம்பல் நிறத்துக்கு மாறட்டும்.