பிசிறடிக்கிறது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். பதினெட்டு மாதமாக வலது கையைப் பழக்கி வருகிறேன். கொழும்பில், கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய பொஸ் மெட்டல் ஸோன் பெடல் ஒன்று வாங்கினேன். பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்சி ஒலி), டிஸ்டோர்ஷன் (கரகரப்பு) மூன்றும் முழுசு, மிட் (நடு ஒலி) பூச்சியம். அறையில் தனியே வாசித்தால் சுவர் அதிர்கிறது. நண்பர்களோடு வாசிக்கும்போது மட்டும் என் கிற்றார் காணாமல் போய்விடுகிறது. சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரத்து டெத் மெட்டல் இசைக்குழுக்கள் எல்லாக் குமிழையும் முழுதாகத் திருப்பித்தானே வாசித்தார்கள்? வேறு பெடல் வாங்க வேண்டுமா? பெடலுக்குள் ஒலியை வெட்டும் டயோட் சிலிக்கனில் இருந்தால் நல்லதா, ஜெர்மேனியத்தில் இருந்தால் நல்லதா? அப்பா திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுபவர். அவருக்கு இதெல்லாம் விளங்காது. "பிசிறடிக்குது, குறைடா" என்பார், அவ்வளவுதான்.

அன்புள்ள தம்பி,

வேறு பெடல் வாங்க வேண்டாம். டயோட் ஆராய்ச்சியைப் பத்து வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம். 1991இல் வந்த அந்தப் பெடலைத் திட்டாத கிற்றார்காரர் குறைவு. திட்டியவர்களில் பலர் உங்களைப் போலவே குமிழ்களைத் திருப்பியவர்கள்.

எனக்கு உங்கள் கடைசி வரிகள்தான் தைத்தன. "அப்பாவுக்கு விளங்காது" என்று எப்படி எழுதினீர்கள்? இந்த விடயத்தில் அந்த வீட்டில் விளங்கியவர் அவர் ஒருவர்தான். ஆம்ப் தன்னால் கொடுக்க முடிந்ததற்கு மேல் கேட்கும்போது ஒலியலையின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் அந்த வெட்டிலிருந்து முளைக்கின்றன. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பிசிறு. உங்கள் பெடலுக்குள் எதிரெதிராக வைக்கப்பட்ட டயோட்கள் வேண்டுமென்றே செய்வதும் இதே வேலைதான். 1964இல் இலண்டனில் கிங்க்ஸ் குழுவின் கிற்றார்காரர் டேவ் டேவிஸ் சவர பிளேட்டால் தன் ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பைக் கிழித்து இந்தக் கரகரப்பை வரவழைத்தார். உங்கள் அப்பா வாழ்நாள் முழுவதும் விரட்டி வந்த ஒன்றை நீங்கள் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

என் தாய்மாமனும் ஸ்பீக்கர் கட்டியவர்தான். எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) மின்சாரம் இல்லாத காலம் அது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கார் பற்றரியில் ஆம்ப் ஓடும், கோயில் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுப் போட்டவுடன் மாமா என்னை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லயத்துக்கு ஓடச் சொல்வார். அங்கே நின்று, பாட்டின் வார்த்தை விளங்கினால் நான் துண்டை வீச வேண்டும். துண்டு அசையாவிட்டால் அவர் சத்தத்தைக் கூட்டமாட்டார், குறைப்பார். குறைத்த பிறகுதான் வார்த்தை பனிமூட்டத்தைத் தாண்டி வரும். சிறுவனான எனக்கு அது மாயமாக இருந்தது. கூட்டும்போது பிசிறு வார்த்தையைத் தின்றுவிடுகிறது என்பதும், குழாய் ஸ்பீக்கரில் அடிக்கனம் அறவே இல்லாமல் நடு ஒலி மட்டுமே இருப்பதால்தான் பேச்சு அத்தனை தூரம் போகிறது என்பதும் பின்னாளில் புரிந்தன.

நீங்கள் பூச்சியமாக்கியது அந்த நடு ஒலியைத்தான், தம்பி. அடியில் பேஸ் கிற்றாரும் பெரிய ட்ரம்மும் உட்கார்ந்திருக்கின்றன. உச்சியில் சிம்பல் உட்கார்ந்திருக்கிறது. கிற்றாருக்கென்று இருக்கும் இடம் நடுதான். அதைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "நான் காணாமல் போகிறேன்" என்று கடிதம் எழுதுகிறீர்கள். தனியறையில் மிரட்டும் ஒலி கூட்டத்தில் கரைந்துபோவது இதனால்தான். ஸ்டொக்ஹோம்காரர்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவர்கள் வைத்திருந்தது 1983இல் வந்த ஹெச்எம்-2 என்ற வேறொரு பொஸ் பெடல். அதில் குமிழ்களை முழுதாகத் திருப்பினால் நடு ஒலியும் சேர்ந்து மேலே ஏறும். "முழுசு" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே எது முழுசானது என்று பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

டிஸ்டோர்ஷன் குமிழுக்கும் இதே கதைதான். முழுதாகத் திருப்பினால் மெல்லத் தொட்ட நரம்பும் ஓங்கி அடித்த நரம்பும் ஒரே கூரையில் போய் முட்டும். உங்கள் கை என்ன செய்தது என்பது வெளியே தெரியாது. கூடவே மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் வளரும். பதினெட்டு மாதம் வலது கையைப் பழக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை ஏன் அழிக்கிறீர்கள்?

டிஸ்டோர்ஷனைக் கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள், மிட்டை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள், பேஸைக் குறையுங்கள். அறையில் கேட்க ஒல்லியாக இருக்கும், பயப்படாதீர்கள். பிறகு நண்பர்கள் எல்லோரும் வாசிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைக் கூப்பிட்டு எதிர் லயத்து வாசலில் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் கிற்றார் விளங்கினால் வீசுவதற்குத் துண்டு அவர் தோளிலேயே இருக்கும்.