ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை

கேள்வி: ரங்கூனில் இருக்கிறேன். முதல்முறையாக நானே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ மட்டுமே. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்தச் சுர்ரைப் பார்ப்போம், ஏனென்றால் அது உயிர் விஷயம். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எப்போதும் மிகச் சிறிய மின்சாரத்தைக் கேபினெட்டுக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இரண்டு முள் பிளக்கில் மாட்டியிருந்தால் போக வழியில்லாமல், 230 வோல்ட்டில் பாதியளவு கேபினெட்டிலேயே நிற்கும். ஆக, இது போர்டின் குற்றமில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டுக்கொள்ளுங்கள். ஷாக் பலமாக அடித்தால் அதுவரை மெஷினைப் போடவே வேண்டாம். உள்ளே கை வைக்கும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

சரி, படம். உங்கள் 5600 ப்ராசஸருக்குள்ளேயே படம் காட்டும் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருந்தால் காலம் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். அடுத்து, ப்ராசஸருக்கென்று போர்டின் மேல் மூலையில் தனியாக ஒரு 8 பின் இணைப்பு உண்டு. அதை மறந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும், மெஷின் எழாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் பார்க்க அதேபோல் இருக்கும். அதை இங்கே திணிக்காதீர்கள்.

பல பி550 போர்டுகளில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் போன்றவை இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தகராறு. டிராம் என்றால் ஒரு ராமை மட்டும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது துளையில், ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். புது மெஷின்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த அரைகுறை அழுத்தம்தான். அதிலும் எழவில்லையென்றால் மற்ற ராமை மாற்றிப் பாருங்கள்.

சிபியு விளக்கு நின்றால் பயாஸை, அதாவது மெஷினை எழுப்பும் போர்டின் சொந்த மென்பொருளை, சந்தேகிப்பேன். பி550 போர்டுகள் வந்தது 2020-இல். உங்கள் ப்ராசஸர் வந்தது 2022-இல். கடையில் நெடுநாள் கிடந்த போர்டென்றால் அதற்கு இந்தப் ப்ராசஸரை அடையாளமே தெரியாமல் போகலாம். போர்டின் பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், புது பயாஸை ஏற்ற ஒரு பென் டிரைவ் போதும். நடுவில் கரண்ட் போனால் பயாஸ் பாழாகிவிடும், அதனால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் கடைக்குப் போங்கள். உங்கள் ப்ராசஸரையும் ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் கடைக்காரருடைய வேறொரு போர்டில் உங்கள் கண்முன்னே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே படம் வந்தால்தான் உங்கள் போர்டை மாற்றக் கேட்க வேண்டும்.