தொட்டி மூடியும் ஸ்போர்ட்ஸ் பாரும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்கு மூடி, கேபினுக்குப் பின்னால் தொட்டிமேல் நிற்கும் குழாய் வளைவான ஸ்போர்ட்ஸ் பார், இரண்டும் வாங்குகிறேன். எதை முதலில் மாட்டுவது?

பதில்: வாங்கும் முன் அளந்து பாருங்கள். பாரின் கால் உட்காருவதும், மூடியைத் தாங்கும் பக்கச் சட்டமான ரயில் அமர்வதும் தொட்டியின் அதே மேல்விளிம்பில்தான். தகராறு அங்கேதான் வரும். சுருட்டும் மூடி என்றால் அது சுருண்டு அடங்கும் பெட்டி கேபினை ஒட்டி ஏறக்குறைய ஒரு சாண் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மூடியின் ரயிலைக் கிளாம்பில் லேசாகப் பிடித்து வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வரவேண்டும். வராவிட்டால் ரயில் கோணல், மூடி பாதியில் சிக்கும். அப்புறம் பாரை வைத்து, மூடியை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, எல்லாம் சரியான பிறகே ஸ்பேனர். துளை கடைசி வேலை.

கேள்வி: துளை போட்டால் துருப்பிடிக்குமா?

பதில்: வெட்டிய விளிம்பை அப்படியே விட்டால் பிடிக்கும். பிசிறை அரத்தால் எடுத்து, துத்தநாகப் பிரைமர், மேலே பெயிண்ட், காய்ந்தபின் போல்ட். இரும்புத் தூளைக் கூட்டி எடுங்கள். என் முதல் வண்டியில் அதை மறந்து, ஒரே மழையில் தொட்டி முழுக்கப் பழுப்புப் புள்ளி.

கேள்வி: மைலேஜ் கூடுமா?

பதில்: அதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி: வண்டி கவிழ்ந்தால் பார் காப்பாற்றும்தானே?

பதில்: நம்பாதீர்கள். சாதாரண ஸ்போர்ட்ஸ் பார் அழகுக்கு, விளக்கு மாட்டுவதற்கு. உயிர் காக்கவென்று செய்யும் ரோல் பார் வேறு.

கேள்வி: என்னுடையது மூன்று அங்குலக் குழாய். அதுவா மடங்கும்?

பதில்: குழாய் மடங்க வேண்டியதே இல்லை ஐயா, அது நிற்கிற தகடு கிழிந்தால் போதும். தொட்டித் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ரோல் பாரின் கால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு உறுதியாகப் பிணைந்திருக்கும்.

கேள்வி: அடியில் கனமான இரும்புத் தகடு வைத்து முடுக்கினால்?

பதில்: வையுங்கள், சாதாரண ஓட்டத்தில் பார் அவ்வளவாக ஆடாது, தொட்டித் தகடும் எளிதில் பிளக்காது. அதனால் ரோல் பார் ஆகிவிடாது. இதே கேள்வியை வேறு வார்த்தையில் இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: பார் மாட்டியதும் மேலே உள்ள பிரேக் லைட் மறைகிறது.

பதில்: பாரை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் பாரிலேயே லைட் உள்ளதாக வாங்குங்கள். பின்னால் வருகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: மூடி போட்டும் தண்ணீர் இறங்குகிறது.

பதில்: சுருட்டும் மூடியில் முன்மூலைகளில் வடிகுழாய் இருக்கும். மடங்கியோ இலை அடைத்தோ கிடக்கும், பாருங்கள். பின்கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அப்போதும் சொட்டு நீர் கசியலாம்.

கேள்வி: இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்.

கேள்வி: நானும் துளை போடலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: நேற்றே போட்டுவிட்டேன். பார் காலில் மூடி இடிக்கிறது.

பதில்: அந்தத் துளைக்கும் பிரைமர், பெயிண்ட் அடித்து ரப்பர் அடைப்பான் போடுங்கள். டிரில்லை உள்ளே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள்.