ஒரே சொல், இரண்டு தராசு

கேள்வி: டொக்டர் அம்மா, என் அக்காவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து இப்போது தேறி வருகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா பணம் கட்டி, அக்காவின் இரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ஆனால் அது 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை சொல்கிறது. அண்ணாவின் மகன் அதே மாற்றத்தை ஆல்பாமிஸ்சென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவின் பட்டியலில் தேடினான். அங்கே 'பெரும்பாலும் நோய் விளைவிப்பது' என்று இருக்கிறது. எனக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். சூலகங்களை எடுத்துவிடு என்று அண்ணா தினமும் அழைத்துச் சொல்கிறார். இயந்திரத்தை நம்புவதா, மனிதரை நம்புவதா? அப்பாவின் அக்கா ஒருவர் சாவகச்சேரியில் வயிற்றுக் கட்டியால் இறந்தார். அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்.
– வாசகி, கொக்குவில்

பதில்: நான் டொக்டர் அல்ல, தங்கச்சி. லண்டனில் மரபணு ஆய்வுகூடம் ஒன்றில் 14 ஆண்டுகள் இந்த மாதிரி அறிக்கைகளை எழுதிவிட்டுக் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தவள். சத்திரசிகிச்சை பற்றி உங்கள் வைத்தியரோடுதான் பேச வேண்டும். அந்த இரண்டு காகிதங்களைப் பற்றி நான் பேசலாம்.

அவை ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒரே சொல்லை இரண்டு தராசுகளில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆய்வுகூடங்கள் பின்பற்றும் விதிகள் 2015இல் அமெரிக்காவில் வெளிவந்தவை. 28 அளவுகோல்கள் உண்டு. அவற்றில் 16 நோயின் பக்கம் சாட்சி சொல்பவை, 12 தீங்கில்லை என்று சொல்பவை. ஒவ்வொரு சாட்சிக்கும் ஓர் எடை உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, நோய் விளைவிப்பது முதல் தீங்கற்றது வரையான ஐந்து படிகளில் ஒன்றில் நிறுத்துவார்கள். உங்கள் அக்காவின் 'பொருள் தெளிவாகாதது' நடுப்படி. 'பெரும்பாலும் நோய் விளைவிப்பது' என்று எழுதுவதற்கு 90 வீதத்துக்கு மேல் நிச்சயம் வேண்டும். கணினியின் கணிப்பு அந்த 28இல் ஒரு சாட்சி. 2015 விதிகளின்படி அதற்கு மிக இலேசான எடைதான். பத்துக் கணினி நிரல்கள் ஒரே குரலில் சொன்னாலும் ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். நன்கு சோதித்துப் பார்த்த நிரல்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம் என்று 2022இல் வந்த ஆய்வு வழிவிட்டது. அப்போதும் தனிச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

ஆல்பாமிஸ்சென்ஸ் 2023இல் வந்தது. மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறக்கூடிய 7 கோடியே 10 இலட்சம் வகைகளையும் எடுத்து, 89 வீதத்துக்கு ஏதோ ஒரு பக்கம் சொல்லிவிட்டது. பெரிய வேலைதான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது புரதத்தைப் பார்க்கிறது. உங்கள் அக்காவையோ மாமியையோ அது பார்த்ததில்லை.

இயந்திரம் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் தானியங்கி நிரலின் அச்சுப்பிரதியோடு ஓடி வந்தான். பிஆர்சிஏ2இல் புரதம் பாதியில் நின்றுவிடும் மாற்றம். 'மிக வலுவான சான்று' என்று நிரல் சிவப்பில் காட்டியிருந்தது. "எந்த இடத்தில் நிற்கிறது என்று எண்ணினாயா?" என்று கேட்டேன். அந்தப் புரதத்தின் நீளம் 3418 அமினோ அமிலங்கள். இது 3326ஆவது இடத்தில் நிற்கிறது. இழப்பு கடைசி 93 மட்டும். வால் அறுந்த பல்லி ஓடாமலா போகிறது? ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். இதைப் பரம்பரைப் புற்றுநோய்க்குக் காரணமாக ஆய்வுகூடங்கள் எடுப்பதில்லை. நிரல் விதியைச் சரியாகத்தான் படித்தது, அந்த விதி எங்கே பொருந்தாது என்பதைத்தான் படிக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு மனிதர்கள்தான் மேல் என்று கொடி பிடிக்க வேண்டாம். அமெரிக்காவில் 9 ஆய்வுகூடங்கள் ஒரே விதிகளை வைத்துக்கொண்டு 99 மாற்றங்களைத் தனித்தனியே வகைப்படுத்திப் பார்த்தன. 34 வீதத்தில்தான் ஒத்துப்போயின. கூடியிருந்து, யார் எந்த அளவுகோலை ஏன் சேர்த்தார் என்று பேசிய பிறகு 71 வீதமாயிற்று. நிபுணரின் உள்ளுணர்வுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. நிரலின் முடிவை மாற்றுகிறவர் எந்த அளவுகோலை எதற்காக நீக்கினார் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாத அபிப்பிராயத்தை எங்கள் மேசையில் யாரும் ஏற்றதில்லை.

இனி உங்கள் மாமி. சம்பந்தமில்லை என்று நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்ட அந்த இடத்தில்தான் எனக்கு வேலை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் தாய்வழியில்தான் வரும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பிஆர்சிஏ2 தகப்பன் வழியாகவும் அதே அளவுக்கு வரும். அந்த மரபணு பழுதானால் சூலகப் புற்றுநோயும் வரலாம். அந்தக் காலத்தில் அதையும் 'வயிற்றுக் கட்டி' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பழைய கலண்டர்த் தாள் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு மை பூசி, எந்த வயதில் வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். 1995 இடப்பெயர்வில் வைத்தியசாலைத் துண்டுகள் போயிருக்கும். ஆகவே மாமியின் மகளிடம் கேளுங்கள். வயிறு முழுவதும் ஊதியதா? ஊசி போட்டு நீர் எடுத்தார்களா? சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தாரா? எத்தனை வயது? இரைப்பையா சூலகமா என்பதை இந்தப் பதில்களிலிருந்து வைத்தியர் ஓரளவு ஊகிப்பார். உங்களுக்கு எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி மார்பகப் பரிசோதனை தேவை என்பதை இப்போது தீர்மானிக்கப்போவது இந்தத் தாள்தான், மருமகன் தேடிய பட்டியல் அல்ல.

உங்கள் இரத்தத்தை இப்போது அனுப்ப வேண்டாம். பொருள் தெரியாத மாற்றம் உங்களிடமும் இருந்தால் பொருள் தெரியாதது இரண்டாகும். ஆய்வுகூடத்துக்கு எழுதி, எந்தெந்த அளவுகோல்களை வைத்தார்கள் என்று கேளுங்கள். குடும்ப வரைபடத்தையும் கூடவே அனுப்புங்கள். ஓரிரு ஆண்டுகளில் மறுபடி கேளுங்கள். இப்படித் தொங்கிக்கொண்டிருந்து பின்னர் இடம் மாறியவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போயிருக்கின்றன. அண்ணாவிடம் இந்த வரியை முதலில் காட்டுங்கள்.

கேள்வி: இந்த நிரல்களுக்கு எங்கள் மரபணு தெரியுமா? பாடசாலையில் 'விகாரம்' என்று படித்ததை நீங்கள் ஏன் 'மாற்றம்' என்கிறீர்கள்?
– மாணவன், திருநெல்வேலி

பதில்: விகாரம் என்று சொன்னால் நோயாளி முகத்தைத் தடவிப் பார்க்கிறார், அதனால்தான்.

முதற் கேள்வி நல்ல கேள்வி. உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைத் திரட்டி 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கட் குழுக்களிலிருந்து 2504 பேர் இருந்தார்கள். அதில் ஒரு குழு பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்கள், ஏறத்தாழ நூறு பேர். நாம் அங்கே இருக்கிறோம், ஆனால் கைப்பிடி அளவு. ஒரு மாற்றம் மக்கள் தரவுகளில் காணப்படாவிட்டால் அதை நோயின் பக்கச் சாட்சியாக நிரல் சேர்த்துக்கொள்ளும். வலிகாமத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் மாற்றமாயினும், யாரும் தேடாதபடியால் அது 'அரிது' ஆகிவிடும். இந்த அளவுகோலைக் கையால் திருத்தவேண்டிய தேவை ஐரோப்பியர்களைவிட நம்மவர்களின் அறிக்கைகளில் எனக்கு அதிகம் வந்தது.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து உமிழ்நீர் பரிசோதனைப் பெட்டி அனுப்பியிருக்கிறாள். பிஆர்சிஏ 'இல்லை' என்று வந்தால் நிம்மதிதானே?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இல்லை. அந்த வகைப் பெட்டி ஒன்றுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களை. மூன்றும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடையே அதிகம் காணப்படுபவை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டிலும் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மகளுக்கு நன்றி சொல்லுங்கள், பெட்டியால் மூதாதையரைத் தேடிக்கொள்ளுங்கள்.