இயந்திர இரைச்சலும் இரத்த அழுத்தமும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பதினெட்டு ஆண்டுகளாக ஐஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்க்கிறார். நாங்கள் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொல்கிறோம் என்பது புரியவில்லை என்கிறார். இரவில் காதுக்குள் ஓயாத இரைச்சல். அண்மையில் நடந்த மருத்துவ முகாமில் இரத்த அழுத்தமும் 150/96 இருப்பதாகச் சொன்னார்கள். “வயதானால் வருவதுதான்” என்று தட்டிக்கழிக்கிறார். இயந்திரச் சத்தத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, மண்டபம்

பதில்: சகோதரி, 44 என்பது முதுமையால் காது மந்தமாகும் வயதன்று. கம்ப்ரஸரும் ஐஸ் உடைக்கும் இயந்திரமும் ஓடும் அறையில், கைநீட்டும் தொலைவில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே ஒலி ஏறக்குறைய 85 டெசிபலையோ அதற்கு மேலோ எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய ஒலியில் ஆண்டுக்கணக்கில் நின்றால் உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் மடிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதி ஒலிகளில் தொடங்குவதால், ச, ஸ போன்ற மெல்லிய உரசொலிகள் முதலில் மங்குகின்றன. குரல் கேட்டும் சொல் பிடிபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

இரத்த அழுத்தத்தைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். பெருஞ்சத்தத்தை உடல் ஆபத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறது. “பழகிவிட்டது” என்று நாம் நினைக்கும்போதும் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடி, இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் விரைந்து துடிக்கிறது. அமெரிக்கத் தேசியத் தொழில்பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டுத் தொழிலாளரிடையே காணப்பட்ட கேள்திறன் குறைபாட்டில் 58 விழுக்காட்டையும் உயர் இரத்த அழுத்தத்தில் 14 விழுக்காட்டையும் வேலையிட இரைச்சலுடன் தொடர்புபடுத்தலாம் என்று மதிப்பிட்டது. அது தொழிலாளர்கள் தாமே அளித்த விடைகளை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே உங்கள் கணவரின் இரத்த அழுத்தத்துக்கு இரைச்சல் மட்டுமே காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன். புகை, மது, இரவுப்பணி, அன்றாடம் கருவாட்டின் வழியாகச் சேரும் உப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் இரைச்சலைக் கணக்கில் சேர்க்காமல் மாத்திரை மட்டும் எழுதுவது அரைகுறை மருத்துவம்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். வேலை முடிந்து நேராகப் போக வேண்டாம். குறைந்தது 14 மணிநேரம் இரைச்சலிலிருந்து விலகியிருந்த பிறகு எடுக்கும் ஆடியோகிராம் என்னும் கேள்திறன் சோதனைதான் நிலையான இழப்பைக் காட்டும். இரத்த அழுத்தத்தை வேறு இரண்டு நாட்களில் அமைதியான இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் எட்டு மணிநேர வேலைக்கு நெடுங்காலமாக 90 டெசிபலே வரம்பாக இருந்து வருகிறது. 85 டெசிபலைவிட அதில் ஒலி ஆற்றல் மும்மடங்குக்கும் அதிகம் என்பதால், அந்த வரம்பை நான் போதுமான பாதுகாப்பாகக் கருதவில்லை. இரைச்சலால் வரும் செவியிழப்பு சட்டப்படி தொழில்நோய். கணவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) இருந்தால் ஆடியோகிராமுடன் அங்கே இழப்பீடு கோரலாம். அதற்காக வேலை செய்த ஆண்டுகளுக்கான சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, இயந்திரத்தின் அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் இடுவது, இயந்திரத்தை இயக்குபவர் நிற்கும் இடத்தைச் சுவரால் பிரிப்பது ஆகியவை முதலாளியின் பொறுப்பு. காது மூடுகவசம் இவற்றுக்குப் பிறகுதான். அதை அணிந்தவர்கள் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசியும்போது எழும் கூச்சலைத் தவறவிடக்கூடும் என்பதால், எச்சரிக்கைக்கு மினுங்கும் விளக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் விசைப்படகு ஓட்டுகிறேன். எஞ்சின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதுமா?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: போதாது. பஞ்சு தடுக்கும் ஒலி மிகக் குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானைச் சுத்தமான விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். ஈரமோ அழுக்கோ பட்டதை மீண்டும் வைக்க வேண்டாம். காதில் சீழ் வடிந்தால் அடைப்பானைத் தவிர்த்து, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.