டிபீவரில் எலாஸ்டிக்சர்ச் ஏன் இணைய மறுக்கிறது?

கேள்வி: டிபீவர் என்ற தரவுத்தளச் செயலியில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரை இணைக்கப் பார்க்கிறேன். பிரவுசரில் 9200 போர்ட்டைத் திறந்தால் பதில் வருகிறது. அதே முகவரியையும் பாஸ்வேர்டையும் டிபீவரில் கொடுத்தால், லைசென்ஸ் பொருந்தவில்லை என்று பிழை காட்டுகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் இணைப்பு சர்வர் வரை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்வர்தான் திருப்பி அனுப்புகிறது. டிபீவர் இங்கே ஜேடிபிசி டிரைவர் (ஜாவா செயலிகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருள்) வழியாகப் பேசுகிறது. எலாஸ்டிக் நிறுவனத்தின் அந்த டிரைவரை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் சர்வரில் பிளாட்டினமோ அதற்கு மேற்பட்ட லைசென்ஸோ இருந்தால்தான் வேலை செய்யும். நாமே நிறுவும் சர்வருக்குக் கிடைப்பது இலவச பேசிக் லைசென்ஸ். டிரைவர் தடையில்லாமல் இறங்கிவிடுவதால் இது பலருக்குத் தெரிவதில்லை. போர்ட்டை மாற்றிப் பார்த்தே நேரம் போய்விடுகிறது.

சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் 30 நாள் டிரயல் லைசென்ஸைத் தொடங்கலாம். ஒரு பெரிய பதிப்புக்கு ஒரு முறைதான் கிடைக்கும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே அதைச் செலவழிக்காதீர்கள். எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில் கேள்வி கேட்பதுதான் உங்கள் தேவை என்றால் பேசிக் லைசென்ஸே போதும். எலாஸ்டிக்சர்ச்சுக்கான வலைத் திரையான கிபானாவின் டெவ் டூல்ஸிலிருந்தோ, சர்வரோடு வரும் எஸ்கியூஎல் கமாண்ட் லைன் கருவியிலிருந்தோ கேட்கலாம். கட்டணம் ஜேடிபிசி டிரைவருக்கும், அதைப் போன்ற ஓடிபிசி டிரைவருக்கும்தான்.

லைசென்ஸ் கிடைத்த பிறகும் சிலருக்குச் சான்றிதழ் பிழை வரும். 8.0 பதிப்பிலிருந்து சர்வர் தானே ஒரு சான்றிதழை உருவாக்கி எச்டிடிபிஎஸ்ஸில் ஓடுகிறது. பிரவுசர் எச்சரித்துவிட்டு உள்ளே விட்டுவிடும், டிபீவர் ஓடும் ஜாவா விடாது. சர்வரின் கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் சிஏ சான்றிதழை (சர்வரின் சான்றிதழுக்குக் கையெழுத்திட்டது) கீடூல் என்ற ஜாவா கருவி கொண்டு ஒரு டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சான்றிதழ்களை வைக்கும் கோப்பு) சேர்த்து, அதன் இடத்தையும் பாஸ்வேர்டையும் டிபீவரின் டிரைவர் பிராப்பர்ட்டிஸில் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழிகள் உண்டு. உண்மையான தரவு இருக்கும் சர்வரில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிரைவரின் பதிப்பு சர்வரின் பதிப்பைவிடப் புதியதாக இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியில் 9200தான் வர வேண்டும். 9300 என்பது நோடுகள் (ஒன்றாக இயங்கும் எலாஸ்டிக்சர்ச் சர்வர்கள்) தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட்.

சரி, இணைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டேபிள் போலத் தெரிகிறதே என்று ஒரு செல்லில் கிளிக் செய்து மதிப்பை மாற்ற முடியாது. எலாஸ்டிக்சர்ச்சின் எஸ்கியூஎல்லில் படிக்க மட்டும்தான் முடியும். டேபிள்களை இணைத்துப் பார்க்கும் ஜாயினும் கிடையாது. இங்கே டேபிளாகத் தெரியும் இன்டெக்ஸின் பெயரில் ஹைஃபன் இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். ஒரு ஃபீல்டில் பல மதிப்புகள் வரிசையாக இருந்தாலும் கேள்வி பிழையில் நிற்காது. பல மதிப்புகளைப் பொறுத்துக்கொள்ளும் டிரைவர் அமைப்பு இயல்பாகவே இயங்குவதால், பிழைக்குப் பதில் ஒரு மதிப்பு மட்டும் வரும். எந்த மதிப்பு என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், அப்படி எடுத்த கணக்கை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

நாள்தோறும் டிபீவரில்தான் பார்க்க வேண்டும், லைசென்ஸுக்குச் செலவழிக்கவும் முடியாது என்றால், 2021இல் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சைப் பரிசீலியுங்கள். அதன் ஜேடிபிசி டிரைவர் இலவசம். அது ஓப்பன்சர்ச் சர்வருக்கான டிரைவர் என்பதால், சர்வரையும் மாற்ற வேண்டியிருக்கும்.